மெல்ல மிதித்தால் இறங்குகிறது

அமுக்கு என்றான், அமுக்கினேன். புடி என்றான், பிடித்துக்கொண்டிருக்கிறேன். இதைவிடச் சுலபமான வேலை மேட்டுப்பாளையத்திலேயே கிடையாது. ஒரு பாறாங்கல்லைத் தூக்கி இந்தப் பெடல் மேல் வைத்துவிட்டுப் போகலாம், கல் எதிர்த்துப் பேசாது, தொடை கடுக்கிறது என்று சொல்லாது, ஆனால் உடு என்றால் கல்லுக்கு விடத் தெரியாது, அதனால் கல்லுக்குப் பதில் நான். லோகு அண்ணன் இந்தப் பழைய பட்டாளத்து லாரிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறான். முகம் தெரியவில்லை, குரல்தான் வருகிறது, பெடல் தண்டு தரைத்தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே போகிற ஓட்டை வழியாக, தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி. அமுக்கு, புடி, உடு. நான் அமுக்கிப் பிடித்ததும் அவன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிளை ஸ்பேனரால் கொஞ்சம் திறப்பான், ஆயிலும் காற்றும் கலந்து நுரையாக ஒரு டியூப் வழியே பாட்டிலுக்குள் இறங்கும், மூடுவான், உடு என்பான், நான் விடுவேன். திரும்பவும் முதலிலிருந்து. இதற்கு ஏர் எடுப்பது என்று பேர். பிரேக் குழாய்க்குள் காற்று இருந்தால் மிதிக்கிற மிதியெல்லாம் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஒரே ஒரு சட்டம்தான், அவன் மூடுகிற வரைக்கும் நான் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று அதே ஓட்டையில் உள்ளே ஏறிவிடும், காலையிலிருந்து செய்தது மொத்தமும் வீண். பின்சக்கரம் இரண்டும் முடிந்தது, முன்னால் இடது பக்கம் முடிந்தது, இப்போது என் காலுக்கு நேர் கீழே இருக்கிற வலது சக்கரம், இதோடு சரி. எடுக்க மாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதிக்கிறேன். சீட்டில் பஞ்சு கிடையாது, பட்டாளத்துக்காரன் சாய்ந்து உட்கார்ந்தால் தூங்கிவிடுவான் என்று நினைத்திருப்பார்கள். தலைக்கு மேல் கித்தான் வெயிலில் வெந்து ஒரு வாடை அடிக்கிறது. நெற்றியிலிருந்து வேர்வை மூக்குக்கு வந்து நிற்கிறது, துடைத்தால் உடம்பு அசையும், உடம்பு அசைந்தால் கால் அசையும், சரி, நிற்கட்டும், சொட்டினால் சொட்டட்டும்.

“ஸ்பேனர் எங்க போச்சு... ஏய், உட்ராத, புடிச்சுக்கோ, ஸ்பேனர் உழுந்துருச்சு.” பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவன் கீழே மண்ணைத் தடவுகிறான். நிப்பிள் மூடித்தான் இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை, அப்படியென்றால் என் காலுக்கடியில் பெடல் சுவர் மாதிரி நிற்க வேண்டும். நிற்கவில்லை. முதலில் நின்றது. அப்புறம், எப்படிச் சொல்வது, யாரோ தூக்கத்தில் தலை சாய்கிற மாதிரி, சத்தமில்லாமல், நிதானமாக, கீழே போகிறது. “அண்ணா, எறங்குது.” “என்ன எறங்குது?” “பெடலு.” “நான் இன்னும் தொறக்கவே இல்ல.” “அதத்தான் நானும் சொல்றேன், தொறக்காமயே எறங்குது.” கீழே மண்ணைத் தடவுகிற கை நின்றது. அப்புறம், “கால எடுத்து எடுத்து வெச்சிருப்ப. ஒழுங்கா ஒரே மாதிரி புடி புள்ள, உனக்கு எதுலதான் பொறுமை இருந்துச்சு?” என்றான். வந்துவிட்டது. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள். தையல் கிளாஸ், ஜாக்கெட்டுக்குக் கை வைக்கிற இடத்தோடு விட்டேன். கம்ப்யூட்டர் கிளாஸ், அந்த சார் தினமும் ஒரே கதையைச் சொன்னார், விட்டேன். பதினொன்றாவது, அரைப் பரீட்சையோடு விட்டேன். ஏன் என்று ஹெட்மாஸ்டர் கேட்டார், காதலா, வீட்டில் கஷ்டமா, யாராவது கிண்டல் பண்ணினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உட்கார்ந்தே இருக்கப் பிடிக்கலைங்க சார் என்றேன். அம்மா ஆபீஸ் ரூம் வாசலிலேயே அழுதாள். உருளைக்கிழங்கு மண்டியில் பெரிசு சிறிசு பிரித்துப் போடுகிற கை, மண் போகாத கை, அதால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் மண். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில், “மௌனிகான்னு உனக்குப் பேர் வெச்சோம் பாரு, அங்க ஆரம்பிச்சது தப்பு” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்தது, வந்ததற்காக இன்னும் கோபம். அப்போது உட்காரப் பிடிக்கவில்லை என்றவள் இப்போது காலையிலிருந்து இந்தத் தகரச் சீட்டில் உட்கார்ந்துதானே இருக்கிறேன். இது பிடிக்கிறது. காலால் ஒன்றை அமுக்கினால் எங்கேயோ ஒரு சக்கரம் நிற்கிறது, இதில் எனக்கு அலுக்கவில்லை. ஆனால் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள். பாதியில் விட்டவள், அதனால் பெடலையும் பாதியில் விட்டிருப்பாள். கணக்கு சரியாக வந்துவிடுகிறது அவர்களுக்கு.

விட்டேனா? உண்மையிலேயே விட்டேனா? இதுதான் இப்போது தொந்தரவு. அவன் சொன்னதும் என் கால் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது சக்கரத்தில் ஒரு தடவை முதுகில் எறும்பு கடித்தது, நெளிந்தேன், அப்போது கால் தளர்ந்ததா? இல்லை. தளர்ந்திருக்கலாம். இல்லை, பெருவிரல் வெள்ளையாகப் போகிற அளவுக்கு அழுத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது எறும்புக்கு முன்னாலா பின்னாலா. இப்படியே போனால் பைத்தியம் பிடிக்கும். “கெடச்சிருச்சு, இப்ப உடு. பம்ப் பண்ணு. அமுக்கு. புடி.” திறந்தான், இறங்கியது, மூடினான். “உடு. ஏர் சுத்தமா இல்ல, வெறும் ஆயிலுதான் வருது. இன்னும் ரெண்டு வாட்டி பாத்துட்டு முடிச்சரலாம்.” குரலில் சந்தோஷம். எப்படி இருக்காது. இந்த லாரி ஒரு தேயிலை எஸ்டேட் கொட்டகையில் கோழி அடைகிற கூடாக இருந்தது. கோத்தகிரிக்கு மேலே கேரட், முட்டைக்கோஸ் போடுகிற போஜண்ணன் ஆசைப்பட்டு வாங்கி, மேட்டுப்பாளையத்தில் எந்த ஒர்க்‌ஷாப்பும் தொடமாட்டேன் என்று சொன்ன பிறகு லோகு அண்ணனிடம் வந்தார். இதற்காகத்தான் அண்ணன் இன்னொருத்தன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து விலகி இந்தத் தகரக் கொட்டகையைப் போட்டான். ஒரு வருஷம். சிவில் நம்பரே பார்க்காத வண்டி இது, பட்டாளத்து நம்பர்தான் இருக்கிறது, நம்பருக்கு முன்னால் மேலே பார்த்த மாதிரி ஒரு அம்புக்குறி. போஜண்ணன் மேட்டுப்பாளையம் வெயிலிலும் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு வந்து, “அம்பு மேல பாத்து இருக்குது பாரு அம்மணி, அதாவது இது மலையேறுற வண்டி” என்றார். “அப்ப எறங்கறதுக்கு வேற வண்டி வாங்கோணுமுங்களா?” என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் மட்டும் என்னை முறைத்தான். அம்பது வருஷம் தாண்டிய வண்டி என்பதால் பழங்கால வண்டி என்று தனியாகப் பதிவு பண்ணலாம், அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஆளே இங்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்றைக்கு, இப்போது, இன்னும் கொஞ்ச நேரத்தில். ஊரில் அவருக்குப் பேரே பிரேக் இன்ஸ்பெக்டர். அடுத்த ஞாயிறு கோத்தகிரியிலிருந்து கீழே வரைக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலம், நம்பர் பிளேட் இல்லாமல் அதில் சேர்க்க மாட்டார்கள். இவரை இன்று விட்டால் அடுத்த மாதம்தான். ரெண்டு தடவை ஏற்கெனவே தள்ளிப் போட்டாகிவிட்டது. போஜண்ணன் போன வாரம் அண்ணன் தோளில் கை வைத்துச் சொன்னார், “இந்த வாட்டியும் ஆகலைன்னா கோயமுத்தூர்ல ஒரு ஷெட் இருக்குது, அங்க குடுத்தர்றேன் லோகு, தப்பா நெனைக்காத.” திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு ராத்திரி அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அண்ணன் இப்போது டார்ச் அடித்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்துக்கொண்டு வருகிறான். நான் சொன்னதற்காக இல்லை, அவனாகவே. கையால் தடவி விரலை மோந்து பார்க்கிறான். “எங்கியும் ஒரு சொட்டு இல்ல. எல்லாம் காஞ்சு கெடக்குது. ஒழுகாம எப்படிப் புள்ள எறங்கும்?” எனக்கும் அதுதான் கேள்வி. ஆயில் வெளியே போகவில்லை. பெடல் இறங்க வேண்டும் என்றால் ஆயில் எங்கேயாவது போயே ஆக வேண்டும். வெளியே போகவில்லை என்றால் உள்ளேயே, வந்த வழியே திரும்பிப் போகிறது. எங்கே திரும்ப முடியும்? மாஸ்டர் சிலிண்டரில். பெடல் தண்டு நேராகப் போய் இடிக்கிற இரும்புக் குழல் அது, அதற்குள் ஒரு ரப்பர் வாஷர் ஆயிலை முன்னால் தள்ளிக்கொண்டு போகும், குழல் சுவரோடு ஒட்டிப்போனால்தான் தள்ளும், ஒட்டாவிட்டால் ஓரத்தில் நழுவி ஆயில் பின்னாடி வந்துவிடும். அந்தக் குழலை அண்ணன் கழற்றியபோது உள்ளே துரு மேடு மேடாக இருந்தது. உப்புத்தாளைக் குச்சியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. கரண்ட் போனது, எழுந்திருக்கவில்லை, வெளிச்சத்துக்காக வாசலுக்கு வந்து உட்கார்ந்து தேய்த்தான். துரு போன பிறகும் தேய்த்தான். கடைசியில் வெயிலுக்குக் காட்டி, உள்ளே பாரு, மூஞ்சி தெரியும் என்றான். தெரிந்தது. என் மூஞ்சி வளைந்து நீண்டு தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது, நானும் அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னேன், எனக்கு அப்போது என்ன தெரியும். தேய்த்தால் இரும்பு போகும். இரும்பு போனால் குழல் அகலமாகும். வாஷர் மட்டும் அதே வாஷர். ஐயோ. அண்ணா. இவ்வளவு ஆசையாகத் தேய்த்தாயே.

ஆனால் நேற்று நின்றதே, மிச்சம் மீதிக் காற்றும் போகட்டும் என்றுதானே இன்றைக்கு ஏர் எடுப்பதே. பக்கத்துக் காலியிடத்தில் ஓட்டிப் பார்த்தபோது நாலு சக்கரமும் புழுதியில் கோடு போட்டு நின்றது, நான் முன்னால் போய் டாஷ்போர்டில் முட்டிக்கொண்டேன், அண்ணன் கத்திச் சிரித்தான். போன மாதம் நிற்காமல் போய் மண்டி ஓரம் அடுக்கியிருந்த உருளைக்கிழங்கு மூட்டை மேல் ஏறியதற்கு இது எவ்வளவோ. அன்று ஒரு மூட்டை வெடித்துக் கிழங்கெல்லாம் ரோட்டில் உருண்டது, சுமை தூக்குகிற அண்ணன்மார், “மிலிட்டரி உள்ள பூந்துருச்சு, எல்லாரும் சரண்டர் ஆயிருங்கடா” என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அது குழாய்க்குள் காற்று இருந்ததால், அது வேறே. நேற்று நின்றதும் உண்மை, இப்போது இறங்குவதும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும். எரிச்சலாக வருகிறது. பொறு. நேற்று அண்ணன் எப்படி மிதித்தான்? ஓங்கி. ஒரே மிதி. ஓங்கி மிதித்தால் வாஷர் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். நான் இப்போது மெல்ல, விடாமல், ஒரே மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவன்தானே அப்படிப் பிடிக்கச் சொன்னான், மெல்லப் பிடித்தால் வாஷர் கவ்வவில்லை, நழுவுகிறது. இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன செய்வார்? ஓட்டச் சொல்லுவார், நிறுத்து என்பார், அண்ணன் ஓங்கி மிதிப்பான், நிற்கும். பாஸ். நம்பர் வந்துவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. கோத்தகிரி ரோட்டில் யார் ஓங்கி மிதித்துக்கொண்டு வருவார்கள். அது முழுக்க இறக்கம், கால் லேசாகப் பிரேக் மேலேயே இருக்கும், வளைவுக்கு வளைவு, இறக்கத்துக்கு இறக்கம். சின்ன வயதில் பஸ்ஸில் இறங்கும்போது முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவர் காலையே பார்த்துக்கொண்டு வருவேன், ஜன்னல் வழியாக ரப்பர் கருகுகிற வாடை வரும், யாரோ ஒரு அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, “ஏனுங் டிரைவர், கொஞ்சம் மெதுவாப் போனா ஆகாதுங்களா” என்பார், டிரைவர் திரும்பாமல், “மெதுவாப் போறதுக்குத்தானுங்க மிதிச்சுட்டே வர்றேன்” என்பார். அந்தக் கால் எடுக்கவே எடுக்காது. அதே மாதிரி அண்ணன் கால். அது இறங்கிக்கொண்டே வரும், இந்த மாதிரி, தூங்கி விழுகிற மாதிரி, தகடு வரைக்கும். பின்னால் போஜண்ணன் வீட்டுப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திப் பாடிக்கொண்டு நிற்பார்கள். அவன் பக்கத்தில் நான். எனக்கு அந்த சீட்டைத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். எனக்கு அந்த சீட்டு வேண்டும். ரொம்ப வேண்டும்.

சரி. யோசித்தது போதும். கால் தளர்ந்தால் பெடல் மேலே வரும், கீழே போகாது, இதைக்கூட இவ்வளவு நேரம் நினைக்கவில்லை பார். ஆனால் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டான், உனக்கு அப்படித் தோணுது என்பான். தோன்றுகிறதா இறங்குகிறதா என்று எனக்கே முதலில் தெரிந்தாக வேண்டும். வலது காலால் அமுக்கினேன், மெல்ல, பால் பொங்கும்போது அடுப்பைக் குறைக்கிற மாதிரி மெல்ல. நின்றது. இடது காலின் பெருவிரலைப் பெடலுக்கும் தகட்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தேன். விரலுக்கு மேலே இடைவெளி இருக்கிறது, காற்று போகிறது, இரும்பு தொடவில்லை. வலது கால் அசையாமல் இருக்கட்டும். வெளியே ரோட்டில் ஒரு மினி பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே போகிறது, போகட்டும். அண்ணன் கீழே ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறான், பாட்டே தெரியாதவன், நல்ல மனநிலையில் இருந்தால் மட்டும் பாடுவான். தொடாதே, தொடாமல் இருந்தால் நான்தான் பொய், நான் அவசரக்காரி, நான் பாதியில் விட்டவள், எல்லாம் ஒத்துக்கொள்கிறேன், தொடாமல் இரு. நகத்தில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. இரும்பு. பட்டதோடு நிற்கவில்லை, உட்காருகிறது. நகம் அமுங்குகிறது. வலிக்கிறது, நல்லா வலிக்கிறது, விரலை எடுக்கலாம், எடுக்கவில்லை, இன்னும் கொஞ்சம், இது என் மனசு இல்லை என்று உறுதியாகத் தெரிகிற வரைக்கும். தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலது காலைத் தூக்கினேன், நகத்துக்கடியில் சிவப்பாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். இனிமேல் என்னிடம் யாரும் பேசிப் பிரயோசனமில்லை.

“லோகு, சார் வந்துட்டாருப்பா!” போஜண்ணன் குரல். கேட் ஓரம் ஒரு கார் நிற்கிறது, வெள்ளைச் சட்டைக்காரர் இறங்கி வண்டியை முன்னாலிருந்து ஒரு பார்வை பார்க்கிறார், முகத்தில் சிரிப்பு, வண்டி அவருக்குப் பிடித்துவிட்டது, யாருக்குத்தான் பிடிக்காது. அண்ணன் அடியிலிருந்து புழுதியோடு எழுந்து, “வாங்க சார், வணக்கமுங்க, ஒரு நிமிஷமுங்க” என்று கையைத் துடைத்துக்கொண்டே என் கதவுப் பக்கம் வந்து, பல்லிடுக்கில், “எறங்கு புள்ள, சீக்கிரம்” என்றான். “நீ மொதல்ல ஏறு.” “என்ன?” “ஏறி உக்காந்து மெல்ல மிதி. ஓங்கி இல்ல. மெல்ல. மிதிச்சுட்டு அப்படியே இரு.” “வெளையாடறதுக்கு நேரமா இது, அவரு நின்னுட்டு இருக்காரு.” “நீ ஏறாட்டி நான் எறங்க மாட்டேன். இங்கயே உக்காந்திருப்பேன். வந்து தூக்கிப் போடு பாக்கலாம்.” என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகப் பட்டது. இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் முகம் கறுத்தது. “சார், பெடல் ப்ரீயா இருக்குதான்னு ஒருக்கா பாத்தர்றேனுங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு ஏறினான், நான் அந்தப் பக்க சீட்டுக்கு நகர்ந்தேன். மிதித்தான். “நிக்குது, இதுல என்ன...” “பேசாத. அப்படியே இரு.” இருந்தான். நான் பெடலைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். முதலில் கோபம் இருந்தது. அப்புறம் கோபம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. புருவம் லேசாகச் சேர்ந்தது. காலை எடுத்து மறுபடி வைத்தான், மெல்ல, இருந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது என்று அவனுக்கும் தெரிகிறது. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே ரொம்ப மெதுவாகச் சொன்னான், “ஓங்கி மிதிச்சா நிக்கும்.” நான் நகம் சிவந்த காலை அவன் பக்கம் நீட்டினேன். “ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி சிலிண்டர மாத்தீரலாம்.” “எங்க கெடைக்கும்? ஒரு வருஷமாத் தேடியும் கெடைக்கலைன்னுதான தேய்ச்ச?” “கெடைக்கும்.” “கெடைக்கலைன்னா?” அவன் பனியனில் கையைத் துடைத்தான். “கெடைக்கலைன்னாலும் நம்பர் வந்துட்டா நீ ஓட்டீருவ. போஜண்ணன் கேப்பாரு, உன்னால முடியாதுன்னு சொல்ல முடியாது, நீ ஓட்டீருவ. எனக்குத் தெரியும்.” “மௌனி, அவரு கொண்டுட்டுப் போயிருவாரு வண்டிய.” அவன் என்னை மௌனி என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. “போகட்டும்” என்றேன். அண்ணன் இறங்கினான். கதவைச் சாத்தவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்து நடந்தான்.

என்ன சொல்லப் போகிறான்? முதுகுதான் தெரிகிறது, ஆயில் கறை ஒட்டிய பனியன் முதுகு. மூன்று பேரும் வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள், வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் கையைத் தூக்கி வண்டியைக் காட்டுகிறான். எதற்குக் காட்டுகிறான், ஓட்டிக் காட்டட்டுமா என்றா, ஓட்ட முடியாது என்றா. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டுகிறார், இப்படி ஆட்டினால் சரியா சரியில்லையா, மனிதர்கள் ஏன் தெளிவாக ஆட்டித் தொலைக்க மாட்டேன் என்கிறார்கள். போஜண்ணன் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அண்ணன் நல்லவன். பொய் சொல்லத் தெரியாதவன். ஆனால் ஒரு வருஷம். ஒரு வருஷம் சேர்ந்து ஒருத்தனை முதுகில் தள்ளினால் நல்லவன் எவ்வளவு தூரம் நிற்பான், எனக்குத் தெரியாது, நானாக இருந்தால் எவ்வளவு தூரம் நிற்பேன், அதுவும் தெரியாது. காத்திருக்கலாம். அவன் திரும்பி வருவான், சொல்வான், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவன் திரும்பி வந்து சாவியைப் போட்டால்? அப்போது நான் என்ன செய்ய, இன்ஸ்பெக்டர் முன்னால் அண்ணனைக் காட்டிக்கொடுக்கவா, அது என்னால் முடியாது, செத்தாலும் முடியாது. அப்படியென்றால் அதற்கு முன்னால். இறங்கினேன். நொண்டிக்கொண்டே சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து ஊர்ந்தேன், கல் முழங்கையில் குத்தியது, ஸ்பேனர் பாட்டில் பக்கத்திலேயே கிடந்தது. டியூபைப் பிடுங்கினேன். நிப்பிளில் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன், அண்ணன் இறுக்கியது இறுகித்தான் இருந்தது, இரண்டு கையாலும் இழுத்தேன், கொடுத்தது. முழுக்கக் கழற்றி மண்ணில் போட்டேன். ஏறி உட்கார்ந்தேன். மிதித்தேன். கீழே சர்ரென்று ஒரு சத்தம். மறுபடி. மறுபடி. காலையிலிருந்து எடுக்காதே எடுக்காதே என்று பிடித்து வைத்திருந்த காலால் எடுத்து எடுத்து மிதித்தேன், நாலைந்து மிதியில் எதிர்ப்பே இல்லை, பெடல் தகட்டில் போய் டங்கென்று இடித்தது. இனி இதை ஓங்கி மிதித்தாலும் மெல்ல மிதித்தாலும் ஒன்றுதான். யாரும் ஓட்ட முடியாது. யாரும்.

சத்தம் கேட்டு மூன்று பேரும் திரும்பினார்கள். அண்ணன் ஓடி வந்தான், குனிந்து பார்த்தான், சக்கரத்துக்கடியில் ஆயில் தேங்கியிருப்பதையும் நிப்பிள் இல்லாத ஓட்டையையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். “என்ன பண்ணி வெச்சிருக்க?” “தொறந்து உட்டுட்டேன்.” “ஏன்?” “நீ என்ன சொன்னீன்னு எனக்குக் கேக்கல.” “சொல்லிட்டேன் புள்ள,” என்றான், “பிரேக் சரியில்லீங்க, இன்னைக்கு வேண்டாமுங்கன்னு சொல்லிட்டுத்தான் இருந்தேன், அதுக்குள்ள...” நிம்மதியாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, ஆனால் தெரிந்திருந்தால் திறந்திருக்க மாட்டேனா என்று கேட்டால், திறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பின்னால் இன்ஸ்பெக்டர், “அடுத்த மாசம் வேற தேதி போட்டுக்கங்க, வண்டி அருமையா இருக்கு” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். போஜண்ணன் வந்து நின்றார். அவரும் தேங்கியிருந்ததைப் பார்த்தார். திட்டவில்லை. “திங்கக்கெழமை கிரேன் அனுப்பச் சொல்றேன் லோகு, கோயமுத்தூருக்கு” என்றார். “சரிங்கண்ணா” என்றான் அண்ணன். “கிரேன்லயே கொண்டுட்டுப் போங்கண்ணா,” என்றேன் நான், “யாரையும் ஓட்ட உட்டராதீங்க. மாஸ்டர் சிலிண்டர்ல ஆயிலு பின்னாடி நழுவுதுன்னு அவங்க கிட்டச் சொல்லீருங்க. மெல்ல மிதிச்சாத்தான் தெரியும்.” அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், சிரிக்கவில்லை, சரி அம்மணி என்பது மாதிரி தலையை அசைத்துவிட்டுக் குல்லாவைப் போட்டுக்கொண்டு போனார். கேட் வரைக்கும் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அழுகை வருமோ என்று இருந்தது. அண்ணன் திடீரென்று சக்கரத்துப் பக்கம் குனிந்து, “ஐயோ, ரிம்மு பூரா அடிச்சிருக்குது பாரு, இந்த ஆயிலு பெயிண்ட்டத் தின்னுரும், நேத்துத்தான் அடிச்சேன், தண்ணி, தண்ணி எடு!” என்று கத்தினான். நான் நொண்டிக்கொண்டே தொட்டிக்கு ஓடினேன். வாளி நிறைகிற வரைக்கும் பொறுக்கவில்லை, பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினேன், அவன் கையால் பச்சை ரிம்மைத் தேய்த்தான், இன்னும், இன்னும் என்றான், நான் ஓடினேன், ஊற்றினேன், வண்டி திங்கட்கிழமை இங்கே இருக்காது, இருக்காது என்று தெரிந்தும் இரண்டு பேரும் பெயிண்ட் வழுவழுப்பு மாறாமல் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக் கழுவிக்கொண்டிருந்தோம்.